கரையிறக்கப் போர்ப்படங்களும் திருப்பெரும்பூதூர்ச் சமவெளியும்

முன்னுரை

கடல்வழி வரும் படை கரையில் இறங்குதற்கெனப் போர்க்காலத்தில் வரையப்படும் நிலப்படங்கள் படைத்துறையார்க்கே உரியன என்னும் எண்ணம் நம்மிடையே நிலவுகின்றது. தமிழாய்வார் அவற்றை எடுத்து நோக்குதல் அரிது. ஊர்ப்பெயராய்விலும் வட்டார வரலாற்றாய்விலும் ஈடுபடுவார்க்கு அப்படங்களும், அவற்றுக்கு அடிப்படையாய் நின்ற நிலஅளவைத் தாள்களும் தக்க சான்றுகளாகும் என்பதனை, ஒரு சிறு நிலப்பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். சென்னைக் கடற்கரைக்கு மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், திருப்பெரும்பூதூரையும் ஒரகடத்தையும் சூழ்ந்து கிடக்கும் சமவெளியே யாம் எடுத்துக்கொண்ட பகுதி. இராமாநுசர் பிறந்த ஊர் எனப் போற்றப்படும் திருப்பெரும்பூதூர், இன்று உந்துவண்டித் தொழிற்சாலைகளாலும் உலகறிந்த ஊராய் விளங்குகின்றது.

கடலினின்றும் படைக்கு இருநாள் நடைத்தொலைவிலுள்ள இச்சமவெளிக்கும் கரையிறக்கத்துக்கும் யாது தொடர்பு என்னும் வினா எழலாம். விடைக்குரிய குறிப்பு 'கரை' என்னும் சொல்லிலேயே அமைந்துள்ளது. தமிழில் கடலின் ஓரமும் கரை. ஏரிநீரைத் தேக்கும் மண்ணணையும் கரை. தமிழகத்தின் வடகீழ்க் கடற்கரையில் இறங்கும் படை முதற்கரையைக் கடந்தபின், நூற்றுக்கணக்கான இரண்டாம் கரைகளைக் கடந்தாகவேண்டும். ஆதலின் இந்நாட்டுக்கு ஒரு கரையிறக்கப் படம் வரைவோன் இருவகைக் கரைகளையும் வரைந்தாலன்றி அப்படம் நிறைவுறாது.

கரையிறக்கப் படத்தின் இயல்பு

மாலுமிக்குரிய கடற்படம் நீரின் ஆழத்தையும் பாறையையும் கூறிக் கரையோடு நின்றுவிடும். நிலப்படம் கரையிலிருந்து தொடங்கி உள்நாட்டைக் கூறும். கரையிறக்கப் படம் இவ்விரண்டும் சந்திக்கும் ஒடுங்கிய பட்டையைத் தனக்கு எல்லையாகக் கொள்வது. கடல் எவ்வளவு சாய்வாகக் கரையை அணுகுகின்றது, ஓதம் எந்நேரத்தில் ஏறி எந்நேரத்தில் வற்றும், மணல் வண்டியின் பொறையைத் தாங்குமா, மணற்கு அப்பால் சதுப்பு உண்டா, அங்கிருந்து உள்ளே செல்லும் வழிகள் யாவை என்னும் வினாக்களுக்கு அது விடையிறுக்க வேண்டும்.

1944-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள் நார்மண்டிக் கரையில் நேசநாட்டுப் படைகள் இறங்கியபோது கையாண்ட படங்கள் இவ்வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். ஓமகா என்று குறிப்பெயர் பெற்ற கரைக்கு 7,920-இல் ஒரு பங்கு என்னும் அளவையில் படம் அச்சிடப்பட்டது. அஃதாவது எட்டு அங்குலம் ஒரு மைலைக் குறிக்கும். கடலிலிருந்து வருவோன் கண்ணுக்குக் கரை எவ்வாறு தோன்றுமோ அத்தோற்றமும் அதன்கண் வரைந்து சேர்க்கப்பட்டது. இதற்கு வேண்டிய செய்திகளைத் திரட்டும் பொருட்டு, ஐரோப்பியக் கடற்கரைகளுக்கு உலாச் சென்றபோது எடுத்த புகைப்படங்களையும் அஞ்சலட்டைகளையும் அனுப்புமாறு 1942-இல் பிரிட்டனின் வானொலி பொதுமக்களை வேண்டிக்கொண்டது. 1943-ஆம் ஆண்டின் இறுதி இரவில் இருவர் நீந்திக் கரையேறி, மணலைத் துளைத்து எடுத்துக்கொண்டு மீண்டனர். மணலுக்குக் கீழே களிமண் இருக்குமாயின் கனத்த வண்டிகள் புதையும் என்னும் அச்சமே அதற்குக் காரணம்.

அவ்வச்சம் வீணானதன்று. 1943-ஆம் ஆண்டு நவம்பர் 20-ஆம் நாள் பசிபிக் கடலின் தராவாத் தீவில் அமெரிக்கப் படை இறங்கியபோது, பவளப்பாரின்மேல் எதிர்பார்த்த அளவு நீர் ஏறவில்லை. படகுகள் பாரில் தட்டி நின்றன. வீரர்கள் நெடுந்தொலைவு நீரில் நடந்து குண்டுகளுக்கு இரையாயினர். மூன்று நாட்போரில் ஏறத்தாழ ஆயிரம் அமெரிக்கர் மாண்டனர்.

தமிழர்க்கு இன்னும் அணுக்கமானதொரு நிகழ்ச்சி மலாயாவில் உண்டு. ஜப்பானியரிடமிருந்து மலாயாவை மீட்கச் 'சிப்பர்' என்னும் குறிப்பெயரோடு வகுக்கப்பட்ட கரையிறக்கத்துக்குச் சென்னை உள்ளிட்ட இந்தியத் துறைகளிலிருந்து படைகள் புறப்பட்டன. ஜப்பான் பணிந்துவிட்டமையால் போரின்றியே, 1945-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள், சிலாங்கூரின் மோரிப் கரையில் இந்தியப் படைப்பிரிவினர் இறங்கினர். முன்னரே மறைவாகச் சென்று ஆராய்ந்தும், அக்கரையின் மேற்பரப்புக்குக் கீழே கிடந்த அளறு முழுதும் புலப்படவில்லை. வண்டிகள் பல சேற்றில் புதைந்தும் நீரில் ஆழ்ந்தும் நின்றுவிட்டன. எதிர்ப்பு இருந்திருப்பின் பேரிழப்பு நேர்ந்திருக்கும் என்று பின்னர் எழுதியோர் பலர். அக்கரைக்கு அணித்தாயுள்ள சிலாங்கூர்த் தோட்டங்களில் தமிழர் பெருந்தொகையினராய் வாழ்ந்தனர் என்பதும் நினைக்கத் தகும். கரைவாழ் மக்கள் காலால் அறிவதனைப் படம் வரைவோன் கண்ணால் மட்டும் அறிய முயன்றான்; முயற்சி குறைவுற்றது.

பழந்தமிழ்ச் சான்றுகள்

காலால் அறியும் அவ்வறிவு தமிழில் சொற்களாகப் படிந்துள்ளது. அலை ஒதுக்கிய மணல்மேட்டை எக்கர் என்றும், கடலோரச் சோலையைக் கானல் என்றும், உப்புநீர் உட்புகுந்து கிடப்பதைக் கழி என்றும், ஏறி வற்றும் நீரை ஓதம் என்றும், குழைந்த சேற்றை அளறு என்றும் நெய்தல் பாடிய புலவர் வேறுபடுத்தி வழங்கினர். கடலடியில் மேடாய்க் கிடக்கும் பாறைநிலத்தைப் 'பார்' என்று முத்துக்குளிப்போர் வழங்கினர். கரையிறக்கப் படத்தின் குறியீட்டுப் பட்டியலில் இடம்பெறும் செய்திகள் பலவற்றுக்கும் நம்மிடம் தனிச்சொல் உண்டு என்பது இதனால் விளங்கும்.

கடல்கடந்து படை இறக்கிய வரலாறும் தமிழகத்துக்கு உண்டு. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் நரசிங்கவர்மப் பல்லவன், தன்னை அடைக்கலம் புகுந்த மானவர்மனுக்கு அரசு மீட்டுத்தர இலங்கைக்கு இருமுறை கடற்படை அனுப்பிய செய்தியைச் சூளவம்சம் கூறுகின்றது. முதலாம் இராசேந்திரன் 1025-ஆம் ஆண்டளவில் ஸ்ரீவிசய நாட்டின்மேல் நடத்திய கடற்செலவு அனைவரும் அறிந்தது. அவன் மெய்க்கீர்த்தியில் வரும் ஊர்ப்பட்டியலை யாம் மீண்டும் நோக்கியபோது ஒரு செய்தி புலப்பட்டது. பல ஊர்களுக்குத் தரப்பட்டுள்ள அடைமொழிகள் அவ்வவ்வூரின் இயற்கை அரண்களைக் குறிக்கின்றன. ஓர் ஊர்க்குக் கடலே அகழி. மற்றோர் ஊர்க்கு ஆழ்ந்த நீர் காவல். வேறோர் ஊர் மலைமேல் அமைந்த கோட்டை. பிறிதோர் ஊர் நீர்த்துறைகளை உடையது. மெய்க்கீர்த்தி புகழுரையே ஆயினும், இறங்குவோன் அறியவேண்டுவன இவையே என்னும் உணர்வு அப்புகழுரையின் அடியில் இருத்தலை மறுத்தற்கியலாது.

இனி, யாம் எடுத்துக்கொண்ட சமவெளிக்கு வருவோம். ஒரகடத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே மணிமங்கலம் என்னும் ஊர் உள்ளது. முதலாம் நரசிங்கவர்மன் சாளுக்கிய இரண்டாம் புலிகேசியை வென்ற போர்க்களங்களுள் ஒன்றாக இவ்வூரைக் கூரம் செப்பேடு குறிக்கின்றது. கடல்வழிப் படை அனுப்பிய அதே மன்னன், நிலவழி வந்த பகையை எதிர்த்து நின்ற இடம் இது. மாமல்லபுரக் கரைக்கும் காஞ்சிக்கும் இடைப்பட்ட இவ்வெளி, கரையையும் தலைநகரையும் ஒருங்கே காக்கும் இடமாய் அந்நாளிலேயே இருந்தது எனக் கொள்ளலாம்.

சென்னைக் கரையும் உள்நாடும்

சென்னைக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை காப்புள்ள துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்க, ஆணியின்றிக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளே அலைகளை ஊடறுத்து மக்களையும் சரக்கையும் கரைசேர்த்தன. அப்படகோட்டிகளின் துணையின்றி அயலார் கரையேறுதல் அரிதாயிருந்தது. எனினும் 1746-இல் லாபூர்தொனே என்னும் பிரெஞ்சுத் தளபதி நகருக்குத் தெற்கே படையை இறக்கி, செப்டம்பர்த் திங்களில் சென்னையைக் கைப்பற்றினான். அலை ஒன்றே அரண் ஆகாது என்பதனை ஆங்கிலேயர் அன்று கற்றனர்.

உள்நாட்டு நிலத்தின் அருமையை அவர்கள் உணர்ந்தது அதன்பின்னரே. 1758-ஆம் ஆண்டு டிசம்பரில் லாலி சென்னையை முற்றியபோது, அவன் செங்கற்பட்டுக் கோட்டையைக் கைப்பற்றாது விட்டுவந்தான். அங்கிருந்த ஆங்கிலப் படை அவன் பின்புறத்தை ஓயாது அலைத்தது. 1759-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் தோன்றவே அவன் முற்றுகையைக் கைவிட்டு மீண்டான். கடலும் உள்நாடும் ஒருங்கு நோக்கப்படவேண்டும் என்பதற்கு இந்நிகழ்ச்சி நல்ல சான்றாகும்.

1780-இல் நேர்ந்தது இதனினும் கொடிது. ஐதரலியின் படை கருநாடகத்துள் புகுந்தபோது, வடக்கே குண்டூரிலிருந்து வந்த பெய்லியின் படையும் பரங்கிமலையிலிருந்து புறப்பட்ட மன்றோவின் படையும் காஞ்சியில் கூடுவதாகத் திட்டம். கொற்றலையாற்றில் வெள்ளம் பெருகியமையால் பெய்லி பல நாள் தடையுண்டான். செப்டம்பர் 10-ஆம் நாள் புள்ளலூரில் அவன் படை அழிந்தது. சில மணிநேர நடைத்தொலைவில் காஞ்சியில் இருந்த மன்றோ உதவ இயலாமல், கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்கு மீண்டான். யாறும் குளமும் ஏரியும் நிறைந்த நாட்டில், எப்பருவத்தில் எவ்வழி நடக்கத்தகும் என்னும் அறிவு படைக்கு உயிரனையது என்பது புலனாயிற்று.

கரைக்கும் உள்நாட்டுக்கும் முறையான அளவை தேவை என்னும் கருத்து இச்சூழலில் வளர்ந்தது. சோழமண்டலக் கரையை அளந்த மைக்கேல் டாப்பிங் 1794-இல் சென்னையில் நிலஅளவைப் பள்ளியைத் தொடங்கினார். முதலில் சேர்ந்த மாணவர் எண்மர். 1802-இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை அளந்தார். இந்தியா முழுதும் பின்னர்ப் பரவிய முக்கோண அளவைக்கு அக்கோடே தொடக்கமாயிற்று. யாம் ஆராயும் சமவெளியின் கீழெல்லையை அடுத்தே அக்கோடு அமைந்தது.

1942-ஆம் ஆண்டின் அச்சம்

இரண்டாம் உலகப் போரில் இக்கரைக்கு நேர்ந்த அச்சம் முதியோர் நினைவில் நெடுங்காலம் நின்றது. 1942-ஆம் ஆண்டு மார்ச்சு 23-ஆம் நாள் ஜப்பானியர் அந்தமானில் இறங்கினர். ஏப்ரல் 5-ஆம் நாள் கொழும்பும், 6-ஆம் நாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9-ஆம் நாள் திருகோணமலையும் தாக்குண்டன. அடுத்தது சென்னையே என்று கருதி மக்கள் திரள்திரளாக நகரை விட்டு நீங்கினர். அரசு அலுவலகங்கள் பல உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. சென்னையில் கரையிறக்கம் நிகழவில்லை. ஜப்பானியக் கப்பற்படை கீழ்க்கடலினின்றும் மீண்டுவிட்டது.

அச்சம் நீங்கினும் படங்கள் நின்றன. ஜப்பானிய நிலஅளவைத் துறை, தன் நாட்டுக்குப் புறம்பான ஆசிய நிலங்களுக்குப் பெருந்தொகையான படங்களை அச்சிட்டது. அவற்றைக் 'கைகோசு' என்பர். புறநாட்டுப் படம் என்பது பொருள். பிறநாட்டார் வெளியிட்ட தாள்களைப் பெற்று மீளப் பதிப்பித்தவை அவற்றுட் பல, இந்தியாவுக்குரியனவும் உள. 1945-இல் போர் முடிந்தபோது ஒரு பகுதி எரிக்கப்பட்டது. எஞ்சியவற்றுள் பல அமெரிக்க நூலகங்களிலும், தொகொகு, கியோத்தோ, ஒச்சனோமிசு முதலிய ஜப்பானியப் பல்கலைக்கழகங்களிலும் பேணப்படுகின்றன. போரின்பின் அமெரிக்கப் படைத்துறையும் 1955 முதல் இரண்டரை இலட்சத்தில் ஒரு பங்கு அளவையில் இந்தியாவுக்கான படவரிசையை வெளியிட்டது. படைக்கெனப் பிறந்த படங்கள் நூலகப் பொருளாயினமை நமக்கு நன்மையாயிற்று.

நான்கு தாள்கள் கூடுமிடம்

இந்திய நிலஅளவைத் துறையின் பழைய முறையில், நான்கு பாகை நீள அகலமுள்ள ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் எண் உண்டு. அப்பகுதி ஒரு பாகைக் கட்டங்கள் பதினாறாகவும், ஒவ்வொரு கட்டமும் மீண்டும் பதினாறு கூறுகளாகவும் பிரிக்கப்படும். சென்னைக் கோட்டை 66-ஆம் எண்ணின் மூன்றாம் கட்டத்தில் எட்டாம் கூறாகும். மணிமங்கலம் அதே எண்ணின் நான்காம் கட்டத்தில் முதற்கூறு. திருப்பெரும்பூதூரும் ஒரகடமும் 57-ஆம் எண்ணின் பதினாறாம் கட்டத்தில் பதின்மூன்றாம் கூறு. கீழ்த்தீர்க்கரேகை 80 பாகையும் வட அட்சரேகை 13 பாகையும் ஒன்றையொன்று வெட்டுமிடம் இருங்காட்டுக்கோட்டைக்கு அருகில் உள்ளது. எனவே 57-இன் இரு கட்டங்களும் 66-இன் இரு கட்டங்களும் ஆக நான்கு தாள்களின் மூலைகள் இச்சமவெளியில் கூடுகின்றன.

இதன் பயன் யாது? கரையைக் காட்டும் தாளை மட்டும் கையிற் கொண்டவன், செம்பரம்பாக்கம் ஏரிக்கு மேற்கே தன் படம் முடிந்துபோதலைக் காண்பான். அதற்கப்பால் காஞ்சி செல்லும் வழி வேறு தாளில் உள்ளது. ஏரியின் நீர் அடையாற்றின் வழியே கடலை அடைகின்றது. அந்நீரின் வரத்தோ மேற்கிலுள்ள ஏரிகளிலிருந்து வருகின்றது. வரத்தும் போக்கும் வெவ்வேறு தாள்களில் பிரிந்து கிடப்பன. நான்கையும் ஒட்டிப் பார்த்தாலன்றி, ஓர் ஏரியின் மிகைநீர் அடுத்த ஏரிக்கு இறங்கும் தொடர்ச்சி கண்ணுக்குப் புலனாவதில்லை. யாம் அவ்வாறு ஒட்டிப் பார்த்தபோது, இச்சமவெளி கரைகளால் கட்டப்பட்ட ஒரு படிவரிசையாகத் தோன்றியது. கோடையில் வண்டி செல்லும் வெளி, ஐப்பசி கார்த்திகையில் தொடர்ந்த நீர்ப்பரப்பாகும். படைக்கு அஃது இடையூறு. உழவனுக்கு அதுவே வாழ்வு.

இத்தாள்கள் ஆய்வாளர்க்கு எளிதிற் கிடைத்தில என்பதனையும் குறிப்பிடல் வேண்டும். நிலவெல்லையிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் வரையிலான பட்டைக்குரிய பெரிய அளவைத் தாள்கள் பாதுகாப்புக் கருதி நெடுங்காலம் தடைக்குட்பட்டிருந்தன. கடலினின்றும் 40 கிலோமீட்டரில் உள்ள திருப்பெரும்பூதூர் அத்தடைக்குள் அடங்கியது. 2005-ஆம் ஆண்டின் தேசிய நிலப்படக் கொள்கை படைக்குரிய வரிசையையும் பொதுவரிசையையும் பிரித்தது; 2021-இல் வெளியான நெறிமுறைகள் மேலும் தளர்த்தின. இதனிடையே 1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்த் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டு 1998-இல் உற்பத்தி தொடங்கிற்று. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசான் தொழிற்சாலை இயங்கலாயிற்று. நிலம் விரைந்து மாறிய காலத்திலேயே அதன் பழைய படம் பூட்டுக்குள் இருந்தது என்க.

ஊர்ப்பெயர்ச் சான்று

இப்பகுதியின் ஊர்ப்பெயர்களுள் 'பாக்கம்' என முடிவன மிகுதி. செம்பரம்பாக்கம், பிள்ளைப்பாக்கம், மாம்பாக்கம் என்பன சில. பாக்கம் என்பதனை நெய்தல் நிலத்தூர் என நிகண்டுகள் கூறும். அவ்வாறாயின் கடலினின்றும் இத்துணைத் தொலைவில் அப்பெயர் செறிந்து வழங்குவதேன்? கடற்கரைக்கு உரிய சொல் ஏரிக்கரைக்கும் பரவியதா, பாக்கம் என்பது நீர்சார்ந்த ஊர் அனைத்துக்கும் பொதுப்பெயராயிற்றா என்பது ஆராயத்தகும். ஒவ்வொரு பாக்கத்தையும் அதன் ஏரியோடு சேர்த்துக் குறித்துப் பார்த்தாலன்றி இவ்வினா தீராது. 1946-இல் வெளியான ரா. பி. சேதுப்பிள்ளையின் 'ஊரும் பேரும்' ஊர்ப்பெயர்களை இலக்கியத்தோடும் கல்வெட்டோடும் பொருத்திக் காட்டி வழிவகுத்தது. அவற்றை நிலத்தோடு பொருத்துவது நம் தலைமுறையின் கடமை.

இத்தாள்களை ஆளுங்கால் ஓர் எச்சரிக்கை வேண்டும். உரோமன் எழுத்து ஒன்றே ல, ள என்னும் இரண்டையும் குறித்துவிடும். ழகரமும் பலவிடத்து அவற்றோடு மயங்கும். ந, ன, ண என்னும் மூன்றுக்கும் அவ்வாறே. ஜப்பானிய எழுத்திலோ லகர ரகர வேறுபாடே இல்லை. ஆதலின் ல, ள, ழ, ர, ற ஐந்தும் ஒன்றாய் மயங்கும். படத்திற் கண்ட பெயரைக் கல்வெட்டோடும் வருவாய்த்துறை ஆவணத்தோடும் ஊரார் வழக்கோடும் ஒப்பிட்டே துணிதல் வேண்டும். படம் இடத்தை உறுதிப்படுத்தும், ஒலியை உறுதிப்படுத்தாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், கரையிறக்கப் படம் கடலோரத்தோடு முடிவதன்று என்பதும், தமிழகத்தில் அஃது ஏரிக்கரைகளையும் தழுவவேண்டும் என்பதும், அந்நோக்கத்தால் தொகுக்கப்பட்ட தாள்கள் இன்று மறைந்துவரும் நீர்நிலைகளுக்கும் ஊர்ப்பெயர்களுக்கும் சான்றாக நிற்கின்றன என்பதும் பெறப்பட்டன.

இஃது ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. 2015-ஆம் ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில் பெருமழை பெய்தபோது செம்பரம்பாக்கம் ஏரி நிறைந்து அடையாறு கரைபுரண்டது, சென்னை மூழ்கியது, தொழிற்சாலைகள் சில நாள் இயங்காது நின்றன. 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கனஅடிக் கொள்ளளவும் உடைய அவ்வேரியைப் பற்றி அன்று அனைவரும் பேசினர். அதற்கு மேலே நீர் தந்த சிற்றேரிகளின் பெயர்களை அறிந்தோர் சிலரே. 1780-இல் பெய்லியைத் தடுத்த வெள்ளத்தையும் 2015-இன் வெள்ளத்தையும் ஒருங்கு நோக்கும் வரலாற்றாய்வாளன், படைத்தலைவன் கேட்ட அதே வினாவைக் கேட்கின்றான்: மழைநாளில் இந்நிலத்தில் நீர் எங்கே நிற்கும்?

மற்றொன்றும் நினைக்கத் தகும். வாயைத் திறந்து பலகையை இறக்கி வண்டிகளைக் கரையேற்றிய போர்க்கப்பல்களே, 1946 முதல் வண்டிகள் தாமே ஏறி இறங்கும் வாணிகக் கப்பல்களாகவும் பயன்பட்டன. அவ்வகையிலான கப்பல்களில் இன்று இச்சமவெளியின் உந்துவண்டிகள் கடல்கடந்து செல்கின்றன. பகைவன் உட்புகுவான் என்று அஞ்சி வரைந்த வழியில் பண்டங்கள் வெளிச்செல்கின்றன. வழி மாறவில்லை; அதன் இருமருங்கும் இருந்த கரைகளே மாறிவருகின்றன.

பட்டமேற்படிப்பு மாணவர் ஒவ்வொருவரும் ஒரு தாளின் ஒரு கூற்றை எடுத்துக்கொண்டு, அதிற் கண்ட ஏரி, கரை, மதகு, கோயில், ஊர் ஆகியவற்றின் பெயர்களை ஊர் முதியோரிடம் கேட்டுச் சரியான தமிழ் வடிவில் தொகுப்பாராயின், சில ஆண்டுகளில் தொண்டைமண்டலத்துக்கு ஒரு நிறைவான ஊர்ப்பெயர்க் களஞ்சியம் அமையும். முதியோர் மறையுமுன் அப்பணி தொடங்கப்படுதல் வேண்டும். தாள் நூலகத்தில் காத்திருக்கும். அதன் பெயர்களைச் சரியாக ஒலிக்கவல்ல நாக்கு காத்திராது.